என் எஸ்டீமை இன்னொருவர் ஓட்டியபோது

பதினோரு வருஷம் நான் ஓட்டிய காரின் சத்தத்தை வெளியிலிருந்து முதன்முதலாகக் கேட்டது 2018-ல். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில், கார்களைத் தயார்செய்யும் பிட் பகுதியின் சுவரை ஒட்டி நின்றிருந்தேன். உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்குக் கேட்பது வேறு. கார் உருண்டாலும் ஆளைக் காக்கும் ரோல் கேஜ் கூண்டுக் குழாய்களின் அதிர்வு, கியர்பாக்ஸின் ஊளைச் சத்தம், ஹெல்மெட்டுக்குள் சொந்த மூச்சு. வெளியே நின்றால் எக்ஸாஸ்ட் மட்டும்தான். மெயின் ஸ்ட்ரெயிட்டில் என் கார் என்னைக் கடந்து போனபோது, இது என்னுடையதுதானா என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. நான் நினைத்திருந்ததைவிட மெல்லிய குரல் அதற்கு.

அந்த வருஷம் ஆரம்பத்தில் எனக்குக் கழுத்து எலும்பில் தேய்மானம் என்று சொல்லிவிட்டார்கள். இடது தோளிலிருந்து விரல் நுனி வரை மரத்துப்போகும். ஹெல்மெட்டின் எடையோடு வளைவுகளில் தலையைத் தாங்கிப் பிடிப்பதைப் பற்றி மருத்துவரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆறு மாசம் அந்தப் பக்கமே போகாதீங்க" என்றார்.

காரை அப்படியே மூடி வைத்திருக்கலாம். ஆனால் பந்தயக் காரை நிறுத்தி வைத்தால் அது நின்ற இடத்திலேயே கெட்டுப்போகும். ரப்பர் சீல்கள் காயும், பெட்ரோல் பிசினாக மாறி இன்ஜெக்டரை அடைக்கும், பிரேக் காலிப்பர் துருப்பிடித்து இறுகும். இது ஒரு காரணம். இன்னொரு காரணம் அந்தப் பையன்.

காரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மாருதி எஸ்டீம். இந்தியாவில் சலூன் கார் பந்தயம் இத்தனை வருஷம் உயிரோடு இருந்ததற்கு இந்த ஒரு கார் செய்த உபகாரம் கொஞ்சநஞ்சமல்ல. எடை குறைவு, உதிரி பாகம் எங்கும் கிடைக்கும், 1.3 லிட்டர் 16 வால்வு எஞ்சின் கம்பெனியிலிருந்து வரும்போதே 85 குதிரைத்திறன், மெருகேற்றினால் சந்தோஷமாகச் சுற்றும். 2007-ல் மாருதி அதன் தயாரிப்பை நிறுத்திய வருஷத்தில்தான் நான் ஒரு பழைய எஸ்டீமை வாங்கினேன். அம்பத்தூரில் என் லேத் பட்டறையின் பின்பக்கக் கொட்டகையில் அதைப் பிரித்துப் போட்டேன். கார்பெட், பின் சீட், கதவு அட்டை, ஏ.சி., தார் ஷீட் எல்லாம் சுரண்டி எடுத்து, ரோல் கேஜ் வெல்டிங் அடித்து, கம்ப்ரெஷன் கூட்டி, கேம் ஷாஃப்ட் மாற்றி, தடத்தில் இறக்கினேன். அந்தக் காரில் என் கை படாத போல்ட் கிடையாது. பையனுக்குக் கொடுக்கும்வரை வேறு யாரும் அதைத் தடத்தில் ஓட்டியதில்லை. கேட்டவர்கள் உண்டு. நெடுஞ்சாலையில் பெங்களூருக்கு நாலு மணி நேரத்தில் போவேன் என்று பெருமையாகச் சொல்லும் சொந்தக்காரர் ஒருவர் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் மாட்டேன் என்றேன். சாலையில் வேகமாகப் போவது பந்தய ஓட்டத்துக்குத் தகுதி என்று நான் என்றைக்குமே நினைத்ததில்லை.

பையன் எங்கள் மெக்கானிக் அண்ணனுடைய அக்கா மகன். அப்போது இருபத்திரண்டு வயது. கோ-கார்ட் ஓட்டி வளர்ந்தவன், பந்தயப் பயிற்சிப் பள்ளியில் படித்து எஃப்.எம்.எஸ்.சி.ஐ. (இந்திய மோட்டார் பந்தயச் சங்கங்களின் கூட்டமைப்பு) உரிமமும் எடுத்து வைத்திருந்தான். சொந்தமாகக் காருக்கு வழியில்லை. நாலு சீசன் எங்கள் பிட்டில் டயர் உருட்டினான். ஒரு நாளும் "அண்ணா, ஒரு ரவுண்டு கொடுங்க" என்று கேட்டதில்லை. அவனிடம் நான் கவனித்தது வேகத்தையல்ல. வீல் நட்டை டார்க் ரெஞ்சில் இறுக்கிவிட்டு, கார் கிளம்புவதற்கு முன் மறுபடி ஒரு சுற்று வந்து நாலு சக்கரத்தையும் சரிபார்ப்பான். யாரும் சொல்லாமலே செய்வான். கார்ட் ஓட்டி முடித்தால் கடைசிச் சுற்றை மெதுவாக, எஞ்சினை ஆறவிட்டு ஓட்டி வருவான். யாருக்குக் காரைக் கொடுக்கலாம் என்று யோசிப்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்: அவர் வேகமாகப் போகும் சுற்றைப் பார்க்காதீர்கள், பிட்டுக்குத் திரும்பி வரும் சுற்றைப் பாருங்கள்.

வீட்டில் சொன்னபோது மனைவி ஒரே கேள்விதான் கேட்டாள். "அவன் எங்கயாச்சும் இடிச்சுட்டு வந்து நின்னா, நீங்க தாங்குவீங்களா?" பணத்தைக் கேட்கிறாள் என்று நினைத்து, ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஷெல் (காரின் வெற்றுக்கூடு) போனால் இவ்வளவு, எஞ்சின் போனால் இவ்வளவு. "அதைக் கேக்கல. அந்தப் பையன் மூஞ்சியப் பாத்துப் பழைய மாதிரி பேசுவீங்களா?" என்றாள். அந்த ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. கார் மொத்தமாக நசுங்கி டிரெய்லரில் வருவதாக நினைத்துப் பார்த்தேன். பையன் பக்கத்தில் நிற்கிறான். நான் என்ன சொல்வேன்? விடிகிற நேரத்தில்தான், முடியும் என்று தோன்றியது. அப்புறம்தான் அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

காகிதத்தில் எழுதிக்கொள்வோம் என்று மெக்கானிக் அண்ணன்தான் சொன்னார். "என் பையன்கிறதாலதான் சொல்றேன். எழுதிடுங்க." நம் ஊரில் சாதாரணமாக எடுக்கும் கார் இன்ஷூரன்ஸ் பாலிசியில், பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்குக் காப்பீடு கிடையாது என்று தெளிவாகவே இருக்கும். ஆகவே தடத்தில் எது உடைந்தாலும் நம் கையிலிருந்துதான் போக வேண்டும். நாங்கள் எழுதியது அரைப் பக்கம். இடித்தால் பாடி வேலையில் பாதி அவன். டயர், பிரேக் பேட், எண்ணெய் போன்ற தேய்மானச் செலவு என்னுடையது. அடுத்தவர் வந்து மோதினால் யார் மேல் தப்பு என்று நாங்கள் பேசிக்கொள்ளக் கூடாது, செலவு என்னுடையது. அவன் உடம்புக்கென்று ஒரு விபத்துக் காப்பீடு, பந்தயத்தையும் சேர்த்துக்கொள்வதாகக் கேட்டு வாங்கியது. அதில் நான் ஒரு ரூபாய்கூட மிச்சம் பிடிக்கப் பார்க்கவில்லை. கார் போனால் இன்னொரு ஷெல் தேடலாம். அவன் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வது?

எழுதாமல் விட்டது ஒன்று இருந்தது. அதற்கு வருகிறேன்.

உட்காரும் இடத்தைச் சரிசெய்ததுதான் எல்லாவற்றிலும் நேரம் பிடித்தது, பிடிக்கவும் வேண்டும். பக்கெட் சீட் என் உடம்புக்கு ஏற்றபடி போல்ட் அடித்தது. அவன் என்னைவிட நாலு அங்குலம் குட்டை, ஒல்லி. முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையைத் திணித்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று சிலர் செய்வதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். மோதலில் அந்தத் தலையணை நசுங்கும், அது நசுங்கிய அளவுக்கு சீட் பெல்ட் பட்டை தளரும், உடம்பு அவ்வளவு தூரம் முன்னால் பாயும். இரண்டு பகுதி திரவத்தைக் கலந்தால் பொங்கி இறுகும் ஃபோம் ஒன்று உண்டு. அதைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றிச் சீட்டில் வைத்து, பந்தய உடையோடு அவனை உட்காரவைத்து, அவன் முதுகின் அச்சில் ஒரு மெத்தை வார்த்தோம். பெடலுக்கு அலுமினியக் கட்டை. கண்ணாடிகள் புதிய உயரத்துக்கு. மின்சாரத்தைத் துண்டித்து எஞ்சினை நிறுத்தும் கில் ஸ்விட்ச் அவன் கைக்கு எட்டுகிறதா என்று பட்டையை முழுசாக இறுக்கிய பிறகு பார்த்தோம். பார்த்தது நல்லதாயிற்று, எட்டவில்லை. பதினோரு வருஷமாக அது என் கை நீளத்துக்கு வைத்த இடத்தில் இருந்தது.

ஹார்னெஸ் பட்டையைப் புரட்டினால் லேபிளில் எந்த வருஷம் வரை செல்லும் என்று அச்சிட்டிருக்கும். எஃப்.ஐ.ஏ. (உலக மோட்டார் பந்தயக் கூட்டமைப்பு) தரப் பட்டைகளுக்கு ஐந்து வருஷம்தான் ஆயுள். என்னுடையதில் அந்த வருஷக் கடைசிவரை இருந்தது. எனக்காக என்றால் அதிலேயே ஓட்டியிருப்பேன், அவனுக்குப் புதிது வாங்கினேன். அப்புறம் கண்ணைக் கட்டிவிட்டு, காரிலிருந்து தானாக வெளியே வரச் சொன்னோம். புகைக்குள் மாட்டிக்கொண்டால் கண் உதவாது. முதல் தடவை திணறினான். ஏழாவது தடவை, பட்டையை விடுவித்து, ஜன்னல் வலையைத் தள்ளி, நான் பத்து எண்ணுவதற்குள் வெளியே நின்றான்.

வெள்ளிக்கிழமை பயிற்சி. தடத்தின் முழு நீளம் 3.7 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். 1990-லிருந்து ஓடுகிற இடம். அவனுக்கு அது பழகிய தடம், கார்தான் புதிது. முன்சக்கர இழுவை உள்ள காரில் முதல் இரண்டு மூன்று சுற்றுகள்தான் ஆபத்து. முன் டயர்களே இழுத்து, திருப்பி, பிரேக்கின் பெரும்பங்கையும் தாங்குவதால் அவை சீக்கிரம் சூடாகும். பின் டயர்கள் சும்மா பின்னால் உருண்டு வருவதால் குளிர்ந்தே கிடக்கும். முன்னால் பிடிமானம் வந்துவிட்டது என்று நம்பி வளைவில் நுழைந்து, பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், எடை முன்னால் சாய்ந்து பின்பக்கம் கழன்று ஓடும். மெயின் ஸ்ட்ரெயிட் முடிந்ததும் வரும் சி1 வேகமான வலது வளைவு, அங்கே அப்படி நடந்தால் நேராக வெளியேதான். காலை எடுக்காதே, லேசாக அழுத்து, கார் தானாக நேராகும் என்று பத்து முறையாவது சொல்லியிருப்பேன். கார்ட் ஓட்டி வந்த காலுக்கு இது சட்டென்று வராது.

ஆனால் ஒரு தப்பு செய்தேன். கிளம்புவதற்கு முன்னால் என்னுடைய சிறந்த லேப் டைமைச் சொன்னேன். உற்சாகப்படுத்தத்தான் சொன்னேன். அவன் காதில் அது கட்டளையாக விழுந்திருக்கிறது. இப்போதெல்லாம் முதல் செஷனில் எங்கள் பிட் போர்டில் நேரம் எழுதுவதே இல்லை. எத்தனை சுற்று பாக்கி என்பது மட்டும்தான். ஸ்டாப் வாட்சைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன்.

ஆறாவது சுற்றில் சத்தம் நின்றது.

அதைச் சொல்லும்போது இப்போதும் வயிற்றில் ஏதோ செய்கிறது. தடத்தின் தூரத்து மூலையில் கார் தெரியாது, சத்தம் மட்டும்தான் வரும். மூன்றாம் கியரில் ஏறிக்கொண்டே வந்த சத்தம், ஒரு கணம் தாங்க முடியாத கீச்சென்ற உச்சத்துக்குப் போய், அறுந்தது. அப்புறம் மற்ற கார்களின் சத்தம்தான். மெக்கானிக் அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. மஞ்சள் கொடி காட்டுகிறார்கள் என்று ஒருவர் வந்து சொன்னார். மோதல் இல்லை, ஓரமாக நிறுத்தியிருக்கிறான் என்று இன்னொருவர்.

கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அவன் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, நேராக என்னிடம் வந்தான். "அண்ணா, மூணுலேர்ந்து நாலு போடறப்ப ரெண்டுல விழுந்துடுச்சு. கிளட்சை முழுசா விட்டுட்டேன். என் தப்பு." டேக்கோமீட்டரில் முள் உச்சமாகப் போன இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. நான் அதைப் பார்ப்பதற்கு முன்பே அவன் சொல்லிவிட்டான். பார்த்தேன்: நிமிஷத்துக்கு 9,600 சுற்று. அந்த எஞ்சினை நான் 7,400-க்கு மேல் சுற்றவிட்டதே இல்லை.

எஞ்சின் அளவுக்கு மேல் சுற்றாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டர் இருந்ததே என்று கேட்பார்கள். லிமிட்டர் பெட்ரோலையும் ஸ்பார்க்கையும்தான் நிறுத்தும். இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் விகிதத்தில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வித்தியாசம். கார் ஓடுகிற வேகத்தில் சக்கரமே கியர்பாக்ஸ் வழியாக எஞ்சினைப் பிடித்துச் சுற்றும்போது லிமிட்டர் என்ன செய்ய முடியும்? அந்தச் சுழற்சியில் வால்வு ஸ்ப்ரிங்கால் வால்வைச் சமயத்துக்கு மூட முடியாது. கம்ப்ரெஷன் கூட்டிய என் எஞ்சினில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவே இருந்த இடமும் சொற்பம். ஹெட்டைப் பிரித்தபோது ஐந்து வால்வு வளைந்திருந்தது, மூன்று பிஸ்டன் தலையில் பிறை பிறையாகத் தழும்பு.

அன்றைக்கு நான் அவனிடம் முதலில் கேட்டது "உனக்கு ஒண்ணும் இல்லையே?" என்றுதான். ஆனால் கேட்கும்போது என் கண் பானெட்டின் மேல் இருந்தது. அவன் அதைக் கவனித்தான். இதை எழுதாமல் விட்டால் இந்த அனுபவத்தை எழுதியதாகவே ஆகாது.

ஏன் இரண்டில் விழுந்தது? அவன் தன் தப்பு என்றான், நானும் அப்படியே நினைத்தேன். மெக்கானிக் அண்ணனுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "பதினோரு வருஷத்துல உங்களுக்கு ஒரு தடவைகூட விழலையே, ஏன்?" என்றார். ஞாயிற்றுக்கிழமை பட்டறையில், எஞ்சின் இல்லாத அந்தக் காரில் என்னை உட்காரச் சொன்னார். பட்டையைப் போடுங்கள், கண்ணை மூடுங்கள், ஒரு சுற்று ஓட்டுங்கள் என்றார். சங்கடமாகத்தான் இருந்தது, ஆனாலும் ஓட்டினேன். மனசுக்குள் மெயின் ஸ்ட்ரெயிட், பிரேக், திருப்பு, கியர். அவரும் பையனும் ஆளுக்கொரு ஜன்னலில் நின்று என் கைகால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாதிச் சுற்றில் அவர் நிறுத்தச் சொன்னார். "கையப் பாருங்க." மூன்றிலிருந்து நாலுக்குப் போகும்போது என் இடது கை கியர் நாபைப் பிடிக்கவே இல்லை. உள்ளங்கையை விரித்து, அதன் பக்கவாட்டில் அணைத்து, என் தொடைப் பக்கமாக லேசாக இழுத்துக்கொண்டே கீழே கொண்டு வந்தது. நான் அப்படிச் செய்வது எனக்கே தெரியாது.

பிரித்துப் பார்த்தால், கியர் லிங்கேஜ் புஷ் (நாபையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் தண்டின் மூட்டில் இருக்கும் வளையம்) தேய்ந்து போயிருக்கிறது. நாபை நடு வரிசைக்குத் தள்ளி வைக்கும் ஸ்ப்ரிங்கும் தளர்ந்திருக்கிறது. விட்டால் நாப் கொஞ்சம் இடது பக்கமாக, ஒன்று–இரண்டு வரிசைக்குச் சாயும். வலது வளைவிலிருந்து வெளியேறும்போது உடம்பும் கையும் இடது பக்கம் தள்ளப்படும். அந்த நேரத்தில் நாபைக் கெட்டியாகப் பிடித்துக் கீழே இழுத்தால், நாலுக்குப் பதில் இரண்டுதான். புஷ் சிறுகச் சிறுகத் தேய்ந்தது. என் கையும் கூடவே சிறுகச் சிறுகக் கற்றுக்கொண்டு அதைச் சரிக்கட்டியது. காரைக் கொடுத்தேனே தவிர, அந்தக் கைப்பழக்கத்தைக் கொடுக்கவில்லை. என்னிடம் அது இருப்பதே தெரியாதபோது எப்படிக் கொடுப்பது?

எழுதாமல் விட்டது இதுதான். வெளியே இடித்தால் யார் என்று எழுதினோம், உள்ளே உடைந்தால் யார் என்று எழுதவில்லை. அவன் பாதியாவது தருகிறேன் என்று வற்புறுத்தினான். நான் வாங்கவில்லை. பெருந்தன்மை இல்லை அது. தேய்ந்த புஷ்ஷோடு காரைக் கொடுத்தவன் நான், அந்தப் பணம் என்னுடையது. மூன்று வாரம் ராத்திரி பத்து மணி வரை பட்டறையில் உட்கார்ந்து அவனே வால்வு தேய்த்தான். இப்போது எங்கள் காகிதத்தில் ஒரு வரி கூடியிருக்கிறது: கொடுப்பதற்கு முன் இரண்டு பேரும் சேர்ந்து காரைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கப்புறம் ஓவர் ரெவ் ஆனால் ஓட்டுநர் பாதி. அவனாகச் சேர்க்கச் சொன்ன வரி அது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே, கண்ணை மூடி இன்னும் நாலு சுற்று ஓட்டினேன். பையன் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தான். பிரேக் பெடலைப் பெரிய வளைவுக்கு முன்னால் ஒருமுறை லேசாகத் தட்டிப் பார்க்கிறேன், பேட் விலகியிருந்தால் தெரிந்துவிடும் என்பதற்காக. நீளமான வலது வளைவில் எண்ணெய் அழுத்த முள்ளை ஒரு பார்வை பார்க்கிறேன், அடித்தொட்டியான சம்ப்பில் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கும் என்பதற்காக. பிட்டுக்குள் வந்ததும் கை ஹேண்ட் பிரேக் பக்கம் போகவே இல்லை. கொதிக்கிற டிரம்மில் பிரேக் ஷூவை அழுத்தி வைத்தால் டிரம் கோணிவிடும், சக்கரத்துக்குக் கட்டைதான் வைக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் காரணம் எனக்குத் தெரியும். சொல்லத் தோன்றாததுதான். பதினேழு வரி வந்தது. நீங்கள் யாருக்காவது காரைக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால், பந்தயக் கார்தான் என்றில்லை, பழைய புல்லட்டாக இருந்தாலும் சரி, கண்ணை மூடி உட்கார்ந்து ஒருமுறை ஓட்டிக் காட்டுங்கள். வாங்குகிறவர் உங்கள் கையைப் பார்க்கட்டும்.

அடுத்த சுற்றுப் பந்தயத்துக்கு எஞ்சின், புது புஷ், புது ஸ்ப்ரிங் எல்லாம் தயார். பிரேக் திரவமும் மாற்றினோம். டாட் 4 திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிவிட்டால் அந்த வரம்பு 155 வரை இறங்கிவிடும். சென்னைக் காற்றுக்கு இதை நான் ஒவ்வொரு பந்தயத்துக்கும் மாற்றுவது வழக்கம். இத்தனை கவனமாக இருப்பவனிடம் பையன் முதல் செஷன் முடிந்து வந்து, "அண்ணா, பிரேக் அடிச்சா இடது பக்கம் இழுக்குது" என்றான். இழுக்காது என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். பதினோரு வருஷமாக நான் ஓட்டுகிற கார், எனக்குத் தெரியாதா? அவன் வாயை மூடிக்கொண்டான். மெக்கானிக் அண்ணன் எதுவும் பேசாமல் ஜாக்கி வைத்து முன்சக்கரங்களைக் கழற்றினார். வலது காலிப்பரின் ஸ்லைடு பின் இறுகியிருந்தது. வலது பக்கம் சரியாகக் கடிக்காததால் கார் இடது பக்கம் போகிறது. எவ்வளவு காலமாக என்று தெரியாது. பேட் தேய்ந்திருந்த விதத்தைப் பார்த்தால் நிச்சயம் ஒரு சீசனுக்கு மேல்.

பின்னைச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தார்கள். அடுத்த செஷனில் என் சிறந்த லேப் டைமைவிட அரை நொடி குறைத்து ஓட்டினான். எனக்கு வலித்ததா என்று நண்பர்கள் கேட்டார்கள். இல்லை. அந்தக் காருக்குள் அப்படி ஒரு அரை நொடி இருந்தது என்று தெரிந்ததில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் கையால் கட்டிய கார் அது, நான் ஓட்டியதைவிட நல்ல கார். கூடவே இன்னொன்றும் புரிந்தது. ஒரே ஆள் ஓட்டினால் காரும் ஆளும் ஒருவர் குறையை இன்னொருவர் மூடி மறைத்துக்கொண்டே போகிறார்கள். புதுக் கை பட்டால்தான் அது வெளியே வருகிறது.

நம் பக்கத்துப் பந்தய உலகமே இப்படிக் கொடுத்து வாங்கித்தான் வளர்ந்தது என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. சோழவரத்தின் பழைய போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்திலிருந்து, கார் வைத்திருப்பவர்களும் ஓட்டத் தெரிந்தவர்களும் எப்போதும் ஒரே ஆட்களாக இருந்ததில்லை. கோவையின் கரிவரதன், மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்று மலிவான ஒற்றை இருக்கைக் கார்களை உருவாக்கினார். பணக்காரர்கள் மட்டும் ஓட்டிக்கொண்டிருந்த விளையாட்டில் இளைஞர்கள் நுழைய அது ஒரு வாசல். நரேன் கார்த்திகேயன் தொடங்கியது அந்த வகைக் காரில்தான். 2005-ல் ஃபார்முலா 1 வரை போனார். கரிவரதன் 1995-லேயே விமான விபத்தில் இறந்துவிட்டார், அதைப் பார்க்கவில்லை. செட்டிப்பாளையத்தில் அவர் பெயரில் உள்ள தடத்துக்குப் போகும்போதெல்லாம் இது எனக்கு நினைவுக்கு வரும்.

பந்தயத்தன்று நான் ரேடியோவைக் கையில் எடுக்கவில்லை. பேசுவது ஒருவர் மட்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தோம், அது அவனுடைய மாமா, மெக்கானிக் அண்ணன். வண்டிச் சொந்தக்காரன் குரல் காதுக்குள் கேட்டால் ஓட்டுகிறவனுக்கு வண்டியின் விலைதான் நினைவுக்கு வரும். ஒன்பதாவது இடத்தில் கிளம்பி ஐந்தாவதாக முடித்தான். பின் பம்பரில் ஒரு கீறல், யாரோ தட்டியது. நாங்கள் எழுதியபடி அதைப் பற்றிப் பேசவில்லை.

கழுத்து தேறி 2019-ல் நான் மறுபடி ஓட்டியபோது, முதல் பிரேக்கிலேயே கார் வலது பக்கம் திரும்பியது. திருப்பியது நான்தான். இழுக்காத காரை இழுப்பதாக நினைத்து என் கைகள் வலப்பக்கம் பிடித்துக்கொண்டிருந்தன. அது மறக்க ஒரு நாள் முழுக்க ஆனது. இப்போது ஒரு வார இறுதியில் இரண்டு பந்தயம் இருந்தால் ஒன்று எனக்கு, ஒன்று அவனுக்கு. பட்டறைச் சுவரில் இரண்டு ஆணி, இரண்டு ஃபோம் மெத்தைகள்.

அவன் ஓட்டும்போது நான் அதே சுவரை ஒட்டித்தான் நிற்கிறேன். தூரத்து மூலையிலிருந்து மூன்றாம் கியர் ஏறும் சத்தம் வரும். புஷ் புதிது, ஸ்ப்ரிங் புதிது, எல்லாம் தெரியும். இருந்தும் ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தில் என் இடது உள்ளங்கை தானாக விரிந்து, என் தொடைப் பக்கம் கொஞ்சம் இழுக்கும். அப்புறம் நாலு விழும் சத்தம் கேட்கும்.